லேன் கேமராவுக்கு நேர்கோடு காட்டுவது எப்படி? அடாஸ் கேலிபரேஷன் முழு வழிகாட்டி

எங்கள் பட்டறைத் தரை மட்டமாக இல்லை என்பதை ஒரு கொத்தனார்தான் கண்டுபிடித்துச் சொன்னார்.

அடாஸ், அதாவது ஓட்டுநருக்கு உதவும் கேமரா, ரேடார் வசதி உள்ள கார் ஒன்று முன் கண்ணாடி மாற்றிக்கொண்டு வந்திருந்தது. நேர் எது என்று கேமராவுக்குக் காட்டிக் கொடுக்கும் கேலிபரேஷனைச் செய்தோம், காரின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனரில் பச்சை டிக் வந்தது, வண்டியை ஒப்படைத்தோம். இரண்டாம் நாளே உரிமையாளர் திரும்பி வந்தார். "அண்ணா, முன்னால போற வண்டிக்கு ரொம்பக் கிட்டப் போனதுக்கப்புறம்தானுங்க சத்தம் போடுது. கோடும் ஸ்கிரீன்ல வந்து வந்து போகுதுங்க" என்றார். கேமரா பார்ப்பதற்காகக் காருக்கு முன்னால் ஸ்டாண்டில் நிறுத்தும் டார்கெட் போர்டை மறுபடி வைத்துச் செய்தோம். மறுபடியும் பச்சை டிக். ஓட்டிப் பார்த்தால் அதே குறை.

பக்கத்து மனையில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனார் டீ குடிக்க வந்தவர், நாங்கள் தூக்குக்குண்டும் கையுமாகக் குழம்பி நிற்பதைப் பார்த்தார். "தரையில வாட்டம் இருக்குதுங்களே, டியூப் புடிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டார். அவரே போய்த் தண்ணீர் நிரப்பிய டியூபை எடுத்து வந்தார். ஒரு முனையைக் காரின் முன் சக்கரத்தருகே நான் பிடிக்க, மறுமுனையை டார்கெட் ஸ்டாண்ட் பக்கத்தில் அவர் பிடித்தார். தண்ணீர் ஆடி அடங்கியதும் இரண்டு பக்கமும் பென்சிலால் குறித்து, தரையிலிருந்து அளந்தோம். டார்கெட் நின்ற ஷட்டர் பக்கம் 3 செ.மீ. இறக்கம். வண்டி கழுவும் தண்ணீர் வெளியே ஓடட்டும் என்று தரை போடும்போதே வைத்த வாட்டம் அது.

அந்த 3 செ.மீ. என்ன செய்யும் என்று கணக்குப் போட்டால் பயமாக இருக்கும். டார்கெட் கேமராவிலிருந்து 4 மீட்டர் தள்ளி நிற்கிறது. 4 மீட்டருக்கு 3 செ.மீ. இறக்கம் என்றால் கிட்டத்தட்ட 0.43 டிகிரி. டார்கெட் இருக்க வேண்டிய இடத்தைவிடக் கீழே தெரிவதால், தான் மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதாகக் கேமரா முடிவு செய்துகொள்கிறது. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் இருக்கும் கேமரா, பார்வை எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதை மட்டும் வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டால், 50 மீட்டரில் இருக்கும் வண்டி அதற்கு 70 மீட்டரில் இருப்பதாகப் படும். எச்சரிக்கை தாமதமாக வரத்தானே செய்யும்? ஓடும்போது சின்னப் பிழைகளைத் தானே திருத்திக்கொள்ளும் திறன் பல கார்களுக்கு உண்டு. ஆனால் அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது.

அன்றைக்கு எனக்குப் புரிந்ததைத்தான் இந்த வழிகாட்டி முழுக்கச் சொல்லப்போகிறேன். "கேலிபரேஷன் முடிந்தது" என்று ஸ்கேனர் சொன்னால், நீங்கள் காட்டியதைக் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது என்றுதான் அர்த்தம். நீங்கள் கோணலாகக் காட்டியிருந்தால் அந்தக் கோணலையே அது நேர் என்று நம்பும். ஆகவே வேலையின் பெரும்பகுதி பட்டனை அழுத்துவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

எந்த வண்டியில் என்ன இருக்கிறது

நம் ஊரில் 2021-ல் மஹிந்திரா எக்ஸ்யூவி700, எம்ஜி ஆஸ்டர் வந்த பிறகுதான் அடாஸ் என்ற சொல் பரவலாகக் காதில் விழத் தொடங்கியது. 2022-ல் ஹோண்டா சிட்டி ஹைப்ரிட், 2023-ல் வெர்னா, செல்டோஸ், ஹாரியர், சஃபாரி, 2024-ல் க்ரெட்டா என்று வரிசையாக வந்துவிட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் லேன் காக்கும் வசதியும் தானியங்கி அவசர பிரேக்கும் கட்டாயம்.

ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால், முன் கண்ணாடியை ஒட்டி இருப்பது கேமரா. லேன் கோட்டைப் பார்ப்பது இதுதான். முன் பம்பரிலோ கிரில்லிலோ ஒரு கறுப்பு மூடிக்குப் பின்னால் இருப்பது ரேடார். முன்னால் போகும் வண்டியின் தூரத்தையும் வேகத்தையும் அளப்பது அது. சில கார்களில் ரேடாரே கிடையாது, எல்லாவற்றையும் கேமரா பார்த்துக்கொள்ளும். நான் மேலே சொன்ன ஹோண்டா சிட்டி அப்படிப்பட்டது. பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கை உள்ள வண்டிகளில் பின் பம்பரின் இரண்டு மூலைகளிலும் சின்ன ரேடார்கள் இருக்கும். இவற்றோடு ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று சொல்லும் சென்சாரும் சேர்ந்துதான் கணக்குப் போடுகிறது. இந்தக் கடைசி ஆளைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

வாடிக்கையாளர் "லேன் அசிஸ்ட் வேலை செய்யல" என்று வந்தால், எது வேலை செய்யவில்லை என்று முதலில் கேளுங்கள். கோட்டைத் தாண்டும்போது சத்தம் போடுவது ஒன்று. ஸ்டீயரிங்கை லேசாக உள்ளே தள்ளுவது இன்னொன்று. லேனின் நடுவிலேயே தொடர்ந்து பிடித்து வைப்பது மூன்றாவது. தள்ளுகிற வசதி பெரும்பாலான கார்களில் மணிக்கு 60 கி.மீ. வாக்கில்தான் விழித்துக்கொள்ளும். எங்கள் கோயம்புத்தூர் அவிநாசி சாலை நெரிசலில் 30-ல் ஓட்டிவிட்டு வேலை செய்யவில்லை என்று வந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு கேலிபரேஷன் தேவையில்லை, உட்கார்ந்து பத்து நிமிடம் பேசினால் போதும்.

எப்போது கட்டாயம்

முன் கண்ணாடி மாற்றினால் கட்டாயம். கேமராவைக் கழற்றி மாட்டினாலும், அதன் பிராக்கெட்டைத் தொட்டாலும் அப்படியே. முன் பம்பரைக் கழற்றினால் ரேடாரைச் சரிபார்க்க வேண்டும். முட்டியிருந்தால், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் பார்க்க வேண்டும். பம்பர் பிளாஸ்டிக் உள்ளே போய்த் திரும்ப வந்துவிடும், ரேடார் பிராக்கெட் வளைந்தது வளைந்தபடி இருக்கும். ஏர்பேக் திறந்த விபத்து, சஸ்பென்ஷன் பாகம் மாற்றியது, வேறு அளவு டயர் போட்டது, ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தியது எல்லாமே வண்டியின் நிற்கும் கோணத்தை மாற்றுபவை.

வீல் அலைன்மென்ட் செய்தால்? முன் சக்கரத்தில் சிறு திருத்தம் என்றால் ஸ்டீயரிங் சென்சாரைப் பூஜ்யம் செய்வதோடு முடியலாம். பின் சக்கரக் கோணம் மாறியிருந்தால் கேமராவையும் பார்த்துவிடுவது நல்லது. அந்த மாடலின் சர்வீஸ் மேனுவல் என்ன சொல்கிறதோ அதுவே கடைசி வார்த்தை. இங்கே நான் தரும் தூரங்களும் கணக்குகளும் விளங்குவதற்காகத்தான். உங்கள் வண்டிக்கான எண்ணை மேனுவலிலிருந்தோ ஸ்கேனர் திரையிலிருந்தோ எடுங்கள்.

படி 1: கண்ணாடியில் தொடங்குங்கள்

கேமரா பார்ப்பதே கண்ணாடி வழியாகத்தான். அந்த இடத்தில் கண்ணாடியில் சின்ன அலை இருந்தாலும் கோடு வளைந்து தெரியும். பிராக்கெட் ஒட்டியே வரும் கண்ணாடியில், அது ஒரு மில்லிமீட்டர் சாய்ந்து ஒட்டியிருந்தால் எத்தனை முறை கேலிபரேஷன் செய்தாலும் எல்லைக்கு வெளியே என்றே ஸ்கேனர் சொல்லக்கூடும். விலை குறைவு என்று அடாஸ் இல்லாத மாடலின் கண்ணாடியைப் போட்டுவிட்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே வேறு வழியே இல்லை, கண்ணாடியை மறுபடி மாற்றத்தான் வேண்டும்.

ஒட்டிய பசை இறுகும் வரை பொறுங்கள். எவ்வளவு நேரம் என்று பசைக் குழாயிலேயே அச்சிட்டிருக்கும். ஈரப் பசையில் கண்ணாடி ஒரு நூல் இறங்கினாலும் செய்த வேலை வீண். அப்புறம், கேமராவுக்கு முன்னால் உள்ள பகுதியை உள்ளும் புறமும் துடையுங்கள். உட்புறத்தில் விரல் தடம், பசை ஆவி படிந்த மங்கல், ஃபிலிம் ஒட்டும்போது தங்கிய குமிழி எதுவும் இருக்கக் கூடாது.

படி 2: வண்டியை அதன் சொந்த உயரத்தில் நிறுத்துங்கள்

டிக்கியைத் திறந்து பாருங்கள். அரிசி மூட்டை, கல்யாணத்துக்கு வாங்கிய பாத்திரப் பெட்டி, இரண்டு மாதமாக இறக்காத பழைய பேட்டரி எது இருந்தாலும் இறக்குங்கள். சுமையால் பின்பக்கம் 2 செ.மீ. தாழ்ந்தால், 2.6 மீட்டர் சக்கர இடைவெளி உள்ள காரின் மூக்கு 0.44 டிகிரி மேலே தூக்கும். எங்கள் தரை வாட்டம் செய்த அதே அளவு கேடு.

நான்கு டயரும் ஒரே அளவா, தேய்மானம் ஏறக்குறைய ஒன்றா என்று பாருங்கள். காற்று, டிரைவர் கதவுத் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள அளவு. டயர் ஆறியிருக்கும்போது பிடிக்க வேண்டும். பல கம்பெனிகள் டேங்க் நிறைய பெட்ரோல் இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. அது முடியாத இடத்தில் எடைக்கு எடை மணல் பை வைக்கலாமா என்பதை மேனுவலில் பாருங்கள், உங்கள் யோசனையில் செய்யாதீர்கள். உள்ளே யாரும் உட்காரக் கூடாது, கதவுகள் மூடியிருக்க வேண்டும். பேட்டரிக்குச் சார்ஜரைக் கொடுத்துவிடுங்கள். இன்ஜின் ஓடாமல் இக்னிஷன் மட்டும் அரைமணி நேரம் போட்டிருந்தால் வோல்டேஜ் இறங்கி நடுவிலேயே நின்றுவிடும்.

இந்த நேரத்திலேயே ஸ்கேனரை மாட்டி எல்லா மாட்யூலையும் (பிரேக், ஸ்டீயரிங் என்று ஒவ்வொன்றுக்கும் உள்ள சின்னக் கம்ப்யூட்டர்) ஒருமுறை படித்து, அந்த அறிக்கையைச் சேமித்துக்கொள்ளுங்கள். பிரேக் மாட்யூலிலோ ஸ்டீயரிங் மாட்யூலிலோ பிழைக் குறியீடு நிற்கும்போது பல கார்கள் கேலிபரேஷனுக்குள்ளேயே விடாது. முதலில் அந்தக் குறையைச் சரி செய்யுங்கள். அழித்துவிட்டு மட்டும் உள்ளே போகாதீர்கள்.

படி 3: நான்கு சக்கர அலைன்மென்ட்

கேமராவைக் காரின் உடலின் நடுக்கோட்டுக்கு நேராக வைக்கிறோம். ஆனால் கார் எந்தத் திசையில் போகிறது என்பதைப் பின் சக்கரங்கள் தீர்மானிக்கின்றன. பின் அச்சு ஒரு பக்கம் கோணியிருந்தால், வண்டி நேராகப் போவது போல இருந்தாலும் உடல் லேசாகத் திரும்பியே ஓடும். நண்டு நடப்பதைப் போல. டிரைவர் ஸ்டீயரிங்கைச் சற்று ஒடித்துப் பிடித்துப் பழகிவிடுவார். கேமரா பழகாது. தான் பார்க்கும் திசையும் வண்டி போகும் திசையும் ஒட்டாததால், ஒரு பக்கக் கோட்டையே உரசிக்கொண்டு போகும், அல்லது இடமும் வலமுமாக ஆடும்.

அதனால் முன் சக்கரம் மட்டும் பார்க்கும் அலைன்மென்ட் இங்கே பயன்படாது. நான்கு சக்கரமும் பார்த்து, பின் அச்சு தள்ளும் திசை நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பிரின்ட் எடுங்கள். எல்லைக்கு வெளியே என்றால் அது சரியாகும் வரை கேமராவைத் தொடாதீர்கள். பல கார்களின் பின் அச்சில் திருத்தும் ஸ்க்ரூவே கிடையாது. அப்போது வளைந்த பாகத்தைத் தேடத்தான் வேண்டும். சஸ்பென்ஷன் புஷ், பால் ஜாயின்ட் ஆட்டம் இருந்தால் அதை மாற்றிய பிறகே அலைன்மென்ட்.

முடிந்ததும் ஸ்டீயரிங்கை நேராக நிறுத்தி, சென்சாரை ஸ்கேனரில் பூஜ்யம் செய்யுங்கள். ஸ்டீயரிங் நேராக நிற்கும்போது ஸ்கேனரில் 3 டிகிரி, 4 டிகிரி என்று காட்டிக்கொண்டிருந்தால், நேராகப் போகும் வண்டி திரும்புவதாகவே லேன் கம்ப்யூட்டர் நினைக்கும்.

படி 4: தரை, வெளிச்சம், இடம்

காருக்கு முன்னால் எட்டுப் பத்து மீட்டர் நீளமும், நான்கைந்து மீட்டர் அகலமும் காலியாகக் கிடைத்தால் பெரும்பாலான மாடல்களுக்குப் போதும். தரையை டியூப் மட்டத்திலோ லேசர் மட்டத்திலோ பாருங்கள். நான்கு சக்கரம் நிற்கும் இடம், டார்கெட் நிற்கும் இடம் என்று ஐந்தாறு புள்ளிகளை அளந்து, தரையிலேயே பெயின்ட்டால் எழுதி வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு நுணுக்கம். தரை முழுக்க ஒரே சீராகச் சாய்ந்திருந்து, காரும் டார்கெட்டும் அந்த ஒரே சாய்வில் நின்றால், கேமராவுக்குப் பெரிய பாதிப்பு வராது. இரண்டும் சேர்ந்தே சாய்ந்திருக்கின்றன. எங்கள் பட்டறையில் நடந்தது வேறு. கார் நின்ற இடம் மட்டம், அதற்கு அப்பால் வாட்டம். ரேடாரின் மேல்கீழ் கோணத்தை டிஜிட்டல் கோணமானி வைத்துப் பார்க்கும் வண்டிகளில் இந்தச் சலுகையும் இல்லை. அந்தக் கருவி பூமியின் இழுப்பை வைத்து அளப்பதால் சாய்வு முழுசாகக் கணக்கில் வந்துவிடும். நூற்றுக்கு ஒன்று என்ற சாதாரண வாட்டமே 0.57 டிகிரி.

வெளிச்சம் சீராக இருக்க வேண்டும். டார்கெட்டுக்குப் பின்னால் ஷட்டர் திறந்து வெயில் அடித்தால் கேமராவுக்குக் கண் கூசும். டார்கெட்டில் டியூப்லைட்டின் பளபளப்பு விழக் கூடாது. பின்சுவரில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட எதுவும் வேண்டாம். டயர் கம்பெனியின் பேனர் ஒன்றைக் கழற்றிய பிறகே ஒருமுறை எங்கள் டார்கெட்டைக் கேமரா அடையாளம் கண்டது.

படி 5: நடுக்கோடு

இந்த ஒரு படிக்கு நீங்கள் எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும்.

காரின் முன் லோகோவின் நடுவிலிருந்தும் பின் லோகோவின் நடுவிலிருந்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, குண்டின் கூர்முனை தொடும் இடத்தைத் தரையில் குறிக்கிறார்கள். ஃபேன் காற்றை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். நூல் ஆடிக்கொண்டிருக்கும்போது கண்ணால் சராசரி எடுக்காதீர்கள். லோகோ எப்போதும் சரியான நடுவில் இருக்கும் என்றும் நம்ப முடியாது, பம்பர் மாற்றிய வண்டி என்றால் சுத்தமாக நம்பக் கூடாது. அதனால் நான் சக்கரங்களையும் அளக்கிறேன். முன் இரண்டு சக்கர மையத்திலிருந்தும் தரைக்குக் குண்டு விட்டு, அந்த இரண்டு புள்ளிகளின் நடு. பின்னாலும் அதே. லோகோ தந்த கோடும் சக்கரம் தந்த கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் நிம்மதி. விழாவிட்டால் ஏன் என்று தேட வேண்டும். மேனுவல் எந்த முறையைக் கேட்கிறதோ அதையே கடைசியில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பின் புள்ளி, முன் புள்ளி இரண்டையும் தொட்டு, காருக்கு அடியில் நூலை இழுத்து, டார்கெட் இருக்கும் இடம் வரை கொண்டு போங்கள். சுண்ணாம்புப் பொடி தடவிய நூலை விறைப்பாகப் பிடித்து, நடுவில் தூக்கி விட்டால் கோடு விழும். சிவப்பு லேசர் இருந்தால் இன்னும் வசதி. டார்கெட்டுக்குச் சொன்ன தூரத்தை எங்கிருந்து அளக்க வேண்டும் என்று இரண்டு முறை படியுங்கள். சில கம்பெனிகள் முன் சக்கர மையத்திலிருந்தும், சில பம்பரிலிருந்தும், சில கேமராவிலிருந்தும் சொல்கின்றன. பம்பருக்கும் சக்கர மையத்துக்கும் நடுவே முக்கால் மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும்.

அடுத்து, டார்கெட் ஸ்டாண்ட் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். ஸ்டாண்டின் இடது ஓரத்திலிருந்து பின் நடுப்புள்ளிக்கும், வலது ஓரத்திலிருந்து அதே புள்ளிக்கும் டேப் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் செங்குத்து. சந்தேகம் இருந்தால் கொத்தனார் முறையில் 3, 4, 5 போட்டு (இந்த அளவில் பக்கங்கள் உள்ள முக்கோணத்தின் ஒரு மூலை சரியான செங்கோணம்) மூலை மட்டம் பாருங்கள். உயரத்தைத் தரையிலிருந்து அளந்து, போர்டு பக்கவாட்டில் சாயாமல் இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்து முடியுங்கள்.

இவ்வளவு எதற்கு என்று தோன்றினால் இந்தக் கணக்கைப் பாருங்கள். 4 மீட்டரில் நிற்கும் டார்கெட் பக்கவாட்டில் 2 செ.மீ. தள்ளியிருந்தால், 100 மீட்டரில் அது அரை மீட்டர். நம் தேசிய நெடுஞ்சாலையில் ஒரு லேன் 3.5 மீட்டர். 1.8 மீட்டர் அகலக் கார் நடுவில் போனால் இருபுறமும் மிஞ்சுவது 85 செ.மீ. அந்த 85-ல் ஒரு லாரியின் பக்கவாட்டுக் காற்றும், ஒரு பைக்காரரின் தடுமாற்றமும், நம் தூக்கமும் எல்லாம் அடங்க வேண்டும்.

படி 6: ஸ்கேனரில்

வண்டியின் சேஸிஸ் எண்ணை வைத்து மாடலைத் தேர்ந்தெடுங்கள். பெயரை வைத்துத் தேர்ந்தெடுத்தால் ஒரே காரின் பழைய பதிப்பு, புதிய பதிப்பு குழம்பும், டார்கெட் தூரமே மாறிவிடும். கேமரா கேலிபரேஷனைத் திறந்து அது கேட்பதைக் கொடுங்கள். ஃபோக்ஸ்வேகன் குழுமக் கார்கள் போலச் சிலவற்றில் நான்கு சக்கர வளைவுகளின் உயரத்தையும் உள்ளிட வேண்டும். பட்டனை அழுத்திய பிறகு காரில் சாயாதீர்கள், கதவைத் திறக்காதீர்கள், டார்கெட்டுக்கும் காருக்கும் நடுவே நடக்காதீர்கள். சில நொடிகளிலிருந்து சில நிமிடங்களில் முடிவு வரும்.

தோல்வி என்று வந்தால் உடனே மறுபடி அழுத்தும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. அதைவிட நாடாவை எடுத்து ஒருமுறை அளப்பது சீக்கிரம் முடியும். வெற்றி என்று வந்தாலும், மேல்கீழ், பக்கவாட்டு, சுழற்சி என்று எவ்வளவு திருத்தியது என்பதைக் காட்டும் கார்களில் அந்த எண்களைப் பாருங்கள். எல்லையை ஒட்டி நிற்கும் எண், எங்கோ ஒன்று இன்னும் கோணலாக இருக்கிறது என்று சொல்கிறது.

படி 7: முன் ரேடார்

ரேடாருக்கு எதிரி உலோகமும் தடிமனும். சுற்றிலும் இரும்பு ரேக், ஜாக், டிராலி நிற்கும் இடத்தில் ரேடாருக்கு கேலிபரேஷன் செய்யாதீர்கள். முதலில் மூடியைத் துடைத்து, பிராக்கெட் நேராக இருக்கிறதா, திருகுகள் இறுகியிருக்கின்றனவா என்று கையால் தொட்டுப் பாருங்கள். மேல்கீழ் கோணத்தைத் திருத்தும் ஸ்க்ரூ இருந்தால் கோணமானி வைத்துப் பாருங்கள். பக்கவாட்டுக்கு, மூன்று தகடுகள் கூடும் மூலை போன்ற உலோக எதிரொளிப்பானைச் சொன்ன தூரத்தில், சொன்ன உயரத்தில், நடுக்கோட்டில் நிறுத்த வேண்டும். நடுக்கோடு ஏற்கனவே தரையில் இருப்பதால் இது சுலபம். பல மாடல்களில் ரேடாரைச் சாலையில் ஓட்டித்தான் சரிசெய்ய முடியும்.

பம்பர் டிங்கரிங், பெயின்டிங் செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ரேடார்களில் பெரும்பாலானவை 77 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்கின்றன. அந்த அலையின் நீளமே சுமார் 4 மில்லிமீட்டர்தான். நீங்கள் 2, 3 மில்லிமீட்டருக்குப் பட்டி அடித்துத் தேய்த்து, மேலே மெட்டாலிக் பெயின்ட்டை மூன்று கோட் போட்டால் ரேடாருக்கு முன்னால் சுவர் எழுப்பிய மாதிரி. ரேடார் இருக்கும் பகுதியில் பட்டி வேண்டாம், பம்பரையே மாற்றச் சொல்லுங்கள். பின் பம்பரின் இரண்டு மூலைகளுக்கும் இதே கதை. இரும்புக் கம்பி புல்பார் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அதை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது.

படி 8: சாலையில் ஓட்டிச் செய்வது

சில கார்களுக்கு டார்கெட் மட்டும் போதும், சிலவற்றுக்குச் சாலை மட்டும் போதும், சிலவற்றுக்கு இரண்டும் வேண்டும். சாலைக்குப் போகும்போது இரண்டு பேர் போங்கள். ஒருவர் ஓட்டட்டும், இன்னொருவர் ஸ்கேனரைப் பார்க்கட்டும். ஓட்டுபவர் திரையைப் பார்க்கவே கூடாது.

கோயம்புத்தூரில் எங்களுக்கு வசதியான சாலை நீலம்பூரிலிருந்து செங்கப்பள்ளி வரை போகும் ஆறுவழிச்சாலை. நீளமான நேர்பகுதி, தெளிவான கோடு, மீடியன். ஆனால் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் செங்கப்பள்ளி நோக்கிப் போகும்போது சூரியன் நேர் எதிரில். கேமரா கோட்டைப் பார்க்கத் திணறும். ஒன்பதரைக்கு மேல் போனால் ஒரே ஓட்டத்தில் முடிகிறது. சென்னைக்காரர்கள் வண்டலூர் முதல் மீஞ்சூர் வரை 62 கி.மீ. ஓடும் வெளிவட்டச் சாலையைப் பயன்படுத்தலாம். மழை, ஈரச் சாலையின் பளபளப்பு, புதிதாகத் தார் போட்டுக் கோடு அடிக்காத பகுதி, பழைய கோட்டை அழிக்காமல் பக்கத்தில் புதுக் கோடு போட்ட டைவர்ஷன் இவற்றைத் தவிருங்கள். மேனுவல் சொன்ன வேகத்தில் சீராக ஓட்டுங்கள். லேன் மாறிக்கொண்டே இருந்தால், எவ்வளவு முடிந்தது என்று ஸ்கேனர் காட்டும் சதவீதம் ஏறவே ஏறாது. டெஸ்லா போன்ற கார்கள் பட்டறையே இல்லாமல் ஓடி ஓடித் தாமாகக் கற்றுக்கொள்கின்றன. அதற்கும் பொதுவாக 32 முதல் 40 கி.மீ. வரை நல்ல கோடு போட்ட சாலை வேண்டியிருக்கிறது.

படி 9: சோதித்துப் பார்ப்பது

பட்டறைக்குத் திரும்புமுன் அதே சாலையில் சோதியுங்கள். நம் சாலைகள் மழைநீர் வடிய ஓரத்துக்குச் சாய்வாகப் போடப்பட்டவை. ஆகவே இடது ஓர லேனில் வண்டி இடப்பக்கம் இழுத்தால் உடனே கேமராவைக் குறை சொல்லாதீர்கள். நடு லேனிலும் பாருங்கள், திரும்பி வரும் திசையிலும் பாருங்கள். மூன்று இடத்திலும் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் குறை.

சாலை காலியாக இருக்கும்போது, இண்டிகேட்டர் போடாமல், கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்காமல், மெதுவாக இடது கோட்டை நோக்கிப் போங்கள். எச்சரிக்கை எப்போது வந்தது? அதேபோல வலது கோடு. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் வர வேண்டும். ஒரு பக்கம் கோட்டைத் தொடுமுன்பே சத்தம், மறுபக்கம் டயர் தாண்டிய பிறகு சத்தம் என்றால் நடுக்கோடு தவறியிருக்கிறது, படி 5-க்குத் திரும்பப் போங்கள். மீட்டர் திரையில் இரண்டு கோடும் சேர்ந்தே எரிகின்றனவா, ஒன்று மட்டும் அடிக்கடி அணைகிறதா என்பதையும் கூட வருபவர் குறித்துக்கொள்ளட்டும்.

அவசர பிரேக்கை மட்டும் யாரையும் முன்னால் நிற்க வைத்துச் சோதிக்காதீர்கள். அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் நாற்காலி வைத்தும் வேண்டாம். அது மனிதர் என்றோ வண்டி என்றோ கேமராவுக்குத் தெரியாமல் போகலாம். பிரேக் பிடிக்காமல் போனால் இடிக்கும், பிடித்தால் பின்னால் வருபவர் இடிப்பார். இதற்கு ஸ்கேனர் அறிக்கையும், முன்னால் போகும் வண்டியின் தூரத்தை ஸ்கேனரில் நேரடியாகப் படித்துப் பார்ப்பதுமே போதும்.

படி 10: வண்டியை ஒப்படைக்கும்போது

கேலிபரேஷனுக்கு முந்தைய அறிக்கை, பிந்தைய அறிக்கை, அலைன்மென்ட் பிரின்ட் மூன்றையும் உரிமையாளர் கையில் கொடுங்கள். உரிமையாளராக இருந்தால் கேட்டு வாங்குங்கள். கண்ணாடியை இன்சூரன்ஸில் மாற்றுவதாக இருந்தால், மதிப்பீடு போடும்போதே கேலிபரேஷனைத் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். வேலை முடிந்த பிறகு கேட்டால் அந்தப் பணத்துக்கு அலைய வேண்டிவரும்.

எச்சரிக்கை சீக்கிரம் வர வேண்டுமா, தாமதமாக வர வேண்டுமா என்று காரின் மெனுவில் மாற்றலாம். அதை அவரையே உட்கார வைத்து மாற்றிக் காட்டுங்கள்.

அப்புறம் ஆயுத பூஜை. மறுநாள் காலையில் எங்களுக்கு வரும் அழைப்புகளில் பாதி, "கேமரா மறைக்கப்பட்டுள்ளது" என்ற செய்தியைப் பற்றியவை. முன் கண்ணாடியின் மேல்நடுவில், சரியாகக் கேமராவின் கண்ணுக்கு நேரே, சந்தனமும் குங்குமமும் காய்ந்து நிற்கும். கிரில்லிலிருந்து தொங்கும் எலுமிச்சை மிளகாய் ரேடார் மூடியில் ஆடிக்கொண்டிருக்கும். பூஜை செய்யாதீர்கள் என்று யாரிடமும் நான் சொன்னதில்லை, நானும் என் ஸ்பேனர்களுக்குப் பொட்டு வைக்கிறவன்தான். வண்டியை ஒப்படைக்கும்போது உரிமையாளரை முன்னால் அழைத்துப் போய், கேமரா இருக்கும் இடத்தையும் ரேடார் மூடியையும் விரலால் தொட்டுக் காட்டுகிறேன். பொட்டைக் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் வைக்கலாம், எலுமிச்சையை ரேடாரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கட்டலாம். வீட்டுக்குப் போய் மறக்கக் கூடாது என்று அந்த இரண்டு இடத்தையும் அவருடைய போனிலேயே படம் எடுத்தும் கொடுத்துவிடுகிறேன்.